டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒரு ஆள்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் எந்த ஆஸ்பத்திரியின் ஓ.பி.யிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனித்தால் ஒன்று தெரியும். டாக்டர் அறைக்குள் நோயாளி தனியாகப் போவது அபூர்வம். மகனோ மருமகளோ, பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, கம்பெனி சூப்பர்வைசரோ கூடப் போவார்கள். கேள்வியை டாக்டர் நோயாளியைப் பார்த்துத்தான் கேட்பார், பதில் வருவது கூட வந்தவரிடமிருந்து. "எப்ப இருந்து வலிக்குது?" என்றால் "ஒரு வாரமா இருக்குதுங்க" என்று மகன் சொல்வார், அம்மா தலையை மட்டும் ஆட்டுவார். அவருக்கு வலி வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், மகனிடம் சொன்னதுதான் போன வாரம்.

மருத்துவத்தில் தகவல் சரியாகப் போய்ச் சேராததைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் மொழிப் பிரச்சனைக்குப் போய்விடுகிறார்கள். கொங்கு நாட்டில் மொழிகளுக்கா பஞ்சம்? வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் பல தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையாளம் வருகிறது, மலைக்கு மேலே இருளர் மொழியும் சோளகர் மொழியும், இப்போது பனியன் கம்பெனிகளில் இந்தி, ஒடியா, வங்காளம். அது பிரச்சனை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தமிழ் பேசும் டாக்டருக்கும் தமிழ் பேசும் நோயாளிக்கும் நடுவிலேயே பேச்சு முறிந்துபோகிறதே, அதற்குக் காரணம் என்ன? என்னைக் கேட்டால் நேரப் பற்றாக்குறைக்கு அடுத்தபடியாக அந்த நடுவில் நிற்கிற ஆள்தான். அவர் வேண்டாதவர் என்று அர்த்தமில்லை, அவர் இல்லாமல் பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க மாட்டார்கள். அவர் யார், அவருக்கு என்ன தெரியும், அவருக்கு இதில் என்ன லாப நஷ்டம் என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் சங்கதி.

நேரத்தை முதலில் சொல்லிவிடலாம். 67 நாடுகளில் ஒரு பொது மருத்துவர் ஒரு நோயாளியோடு எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி. இந்தியாவில் சுமார் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் உடம்பைத் தொட்டுப் பார்த்து, சீட்டு எழுதி, அதை விளக்கவும் வேண்டும் என்றால் எந்த டாக்டராக இருந்தாலும் சட்டென்று புரிந்துகொள்கிற ஆளிடம்தான் பேசுவார். பேன்ட் சட்டை போட்ட மகனிடம் பேசுவார். ஆனால் மாத்திரை சாப்பிடப் போவது மகனா?

இந்த இடத்தில் நம்ம ஊர் வீடுகளின் அமைப்பையும் பார்க்க வேண்டும். காங்கேயம், தாராபுரம், கோபி பக்கமெல்லாம் ஊருக்குள் இல்லாமல் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே கட்டிய வீட்டில், இருக்கும் வயதானவர்கள் நிறைய. பக்கத்து வீடு என்பதே அரைக் கிலோமீட்டர் தள்ளி. பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ. இந்த மாதம் மகன் லீவு போட்டு வந்து கூட்டிக்கொண்டு போவார், அடுத்த மாதம் மருமகள், அதற்கடுத்து கார் ஓட்டுகிற தம்பி. ஒவ்வொரு தடவையும் டாக்டர் சொன்னதைக் கேட்டது ஒரு ஆள், சாளையில் மாத்திரை டப்பாவைத் திறப்பது வேறு ஆள். திரும்பிப் போகும்போது காரில் ஏறியதும் "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணும்மா, அவ்வளவுதான்" என்று சொல்லி முடிந்துவிடும்.

அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு ஆபத்தானது என்பதற்குச் சர்க்கரை மாத்திரையே போதும். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை திடீரென்று ரொம்ப இறங்குவது குறைவு. கிளைமிபிரைடு மாதிரியான மாத்திரை அப்படியில்லை, அது கணையத்தைப் பிடித்துத் தள்ளி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. இப்போது மருந்துக் கவுன்டரில் இப்படி ஒரு பேச்சு நடந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

"ஏனுங்கம்மா, இந்த மாத்திரைய எப்படிப் போடுவீங்கன்னு எனக்கு ஒருக்கா சொல்லுங்க."

"காத்தால சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணுங்க."

"அமாவாசை அன்னைக்கு?"

"அன்னைக்கு ஒருபொழுதுங்க. மத்தியானம் கும்புட்டுட்டுத்தான் சாப்பாடு. மாத்திரைய மட்டும் காத்தாலயே போட்டுக்குவனுங்க."

வெறும் வயிற்றில் காலை ஏழு மணிக்கு அந்த மாத்திரை, சோறு மத்தியானம். நடுவில் வேர்த்துக்கொட்டும், கை நடுங்கும், கிறுகிறுவென்று வரும், பேச்சு குழறும், கவனிக்காமல் விட்டால் மயக்கம். "விரதம் இருந்த களைப்பு" என்று வீட்டில் படுக்க வைத்துவிடுவார்கள். நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிந்துவிடக்கூடிய விஷயம் அது. இந்த ஆபத்து வெளியே தெரிந்ததே அந்த ஒரு கேள்வியால்தான். "புரிஞ்சுதா?" என்று கேட்டிருந்தால் "சரிங்க" என்று வந்திருக்கும், மரியாதைக்காகவே அப்படித்தான் வரும். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது என்பது உலகம் முழுக்க நர்ஸ்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் சொல்லித்தரப்படுகிற முறைதான், கேட்கிற விதம் மட்டும் பரீட்சை மாதிரி இருக்கக்கூடாது. "நான் சரியாச் சொன்னனான்னு பார்த்துக்கறேன்" என்று தன் பக்கம் பழியைப் போட்டுக்கொண்டு கேட்டால் யாருக்கும் கூச்சம் வராது. அமாவாசை, புரட்டாசிச் சனிக்கிழமை, கிருத்திகை என்று விரத நாள் அத்தனை இருக்கிற ஊரில் சர்க்கரை மாத்திரை கொடுக்கிற எவரும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

குழந்தைகள் விஷயத்தில் நடு ஆள் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி. அப்பா அம்மா இரண்டு பேரும் கம்பெனிக்குப் போய்விடுவார்கள், டாக்டரிடம் போனது அவர்கள், மருந்து ஊற்றுவது அம்மிச்சி. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் இரண்டு உருவத்தில் வருகிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிக்கு 25. நான்கு மடங்கு வித்தியாசம். "நாலு மில்லி ஊத்துங்க" என்று சிரப்பை நினைத்துச் சொன்னதை சொட்டு மருந்து பாட்டிலில் இருந்து அளந்து, காய்ச்சல் விடும்வரை நாலைந்து தடவை ஊற்றினால் ஈரலுக்குப் போய் அடிக்கும். போன தடவை மிச்சமான பாட்டில் ஃபிரிட்ஜ் மேலே நிற்கும், இந்தத் தடவை வாங்கியது பையில் இருக்கும், எது எதென்று அம்மிச்சிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போனில் சொல்வதானால் பாட்டிலை வீடியோ காலில் காட்டச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள், பழைய பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். மருந்துச் சீட்டைப் புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இலேயே மருத்துவ கவுன்சில் விதியில் திருத்தம் வந்துவிட்டது, சீட்டைப் பார்த்தால் அப்படித் தெரிகிறதா என்பது உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எல்லாம் தெளிவாக அச்சடித்து வரும், பில் கவுன்டரில்.

அடுத்து நான் சொல்லப்போவதைப் பற்றி நம் பக்கம் பேச்சே இல்லை. காது.

பல்லடம், சோமனூர், மங்கலம், அந்தப் பக்கம் குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று விசைத்தறி ஓடுகிற ஊர்களில் வளர்ந்தவர்களுக்குத் தறிக்கூடத்தின் சத்தம் தெரியும். நாடா அடித்து ஓடுகிற பழைய தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் பாதுகாப்பான எல்லை என்பது பொதுவான கணக்கு. அந்தச் சத்தத்தில் இருபது முப்பது வருடம் நின்றவருக்குக் காது ஒரேயடியாக அடைத்துப்போவதில்லை. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த சுருதிச் சத்தங்கள். தாழ்ந்த சுருதி அப்படியே இருக்கும். அதனால்தான் அவருக்கு "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னு தெரியல". உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் வருகிறது, அது காதில் விழுந்துவிடும். சகரம், தகரம், ககரம் மாதிரியான மெய்யொலிகளின் கூர்மை உயர்ந்த சுருதியில் இருக்கிறது, அதுதான் மங்கும். நாம் என்ன செய்கிறோம்? கத்துகிறோம். கத்தினால் உயிரோசை இன்னும் பெரிதாகும், மெய்யோசை அதற்குள் முங்கிப்போகும். வார்டு முழுக்க அவருடைய வியாதி தெரிந்ததுதான் மிச்சம். அவருக்கு மட்டும் தெரிந்திருக்காது.

இப்படிப்பட்டவரிடம் முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில், மாஸ்க்கை இறக்க முடிந்தால் இறக்கிவிட்டு, சாதாரணக் குரலில் கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும், உதட்டைப் பார்த்துப் பாதி பிடித்துக்கொள்வார். புரியவில்லை என்றால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு விதமாகச் சொல்ல வேண்டும். காலையா மாலையா என்பதில் ஓசை ஒரே எழுத்தில்தான் மாறுகிறது, "காத்தால", "பொழுதோட" என்று நம் வழக்கத்தில் சொன்னால் அந்தக் குழப்பமே வராது. தறியில் வேலை பார்த்த ஐம்பது வயதுக்காரர் டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார் என்றால் முதலில் காதைச் சந்தேகப்படுங்கள். அவர் வீட்டில் டி.வி. எவ்வளவு சத்தத்தில் ஓடுகிறது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

பிறவியிலேயே காது கேளாதவர்கள் நிலைமை வேறு. சைகை மொழி தெரிந்த ஆள் ஆஸ்பத்திரியில் இருப்பதில்லை, வீட்டுப் பிள்ளைதான் மொழிபெயர்க்கும். பன்னிரண்டு வயதுப் பெண் தன் அம்மாவின் கர்ப்பப்பை பிரச்சனையை ஒரு ஆண் டாக்டருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை. அந்த அம்மா எதையெல்லாம் சொல்லாமல் விடுவார் என்று யோசித்துப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொடர்பு வசதியை உரிமையாகவே சொல்கிறது. அது இன்னும் ஓ.பி. வாசலுக்கு வந்து சேரவில்லை.

சரி, திருப்பூருக்கு வருவோம். இங்கே நடு ஆளுக்குச் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கும். ஒடிசாவில் இருந்து வந்த பையன், வயது இருபத்திரண்டு, கட்டிங் மெஷினில் விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருவது கான்ட்ராக்டரோ அவர் ஆளோ, இந்தியும் தமிழும் தெரிந்தவர். "எப்படி ஆச்சு?" என்று டியூட்டி டாக்டர் கேட்கிறார். "ரூம்ல கிரைண்டர்ல கையைக் கொடுத்துட்டான் சார்." அப்படியே ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் ஏறும். பையனுக்கு என்ன எழுதினார்கள் என்றே தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தின் விலை என்ன தெரியுமா? இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் வருவார்கள். சாதாரண நோய்க்கு விடுப்பு எடுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரைதான், அதற்கும் குறிப்பிட்ட நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் நடந்த விபத்து என்றால் 90 சதவீதம், குணமாகும் வரை, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. விரலே போய்விட்டால் நிரந்தர ஊனத்துக்கான மாதத் தொகை தனியாக. கிரைண்டர் என்று எழுதியதும் அத்தனையும் போச்சு. எல்லா கான்ட்ராக்டரும் இப்படி என்று சொல்லவில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி பிடித்து ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைகிறவர்களும் அவர்கள்தான். ஆனால் விபத்துக்குப் பொறுப்பேற்க வேண்டிய தரப்பின் ஆளையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு வாக்குமூலம் எழுதுவது என்ன நியாயம்?

காசநோயிலும் இதேதான். டாக்டர் சொன்னது சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் ரூமில் பத்துப்பேருக்குத் தெரியும், அடுத்த நாள் வேலையும் இருக்காது, தங்க இடமும் இருக்காது. அதற்குப் பயந்தே இருமலை மறைப்பார்கள். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. நடுவில் சத் பூஜைக்கோ ஹோலிக்கோ ஊருக்குப் போவார்கள். நிக்ஷய் என்கிற இணையப் பதிவில் அவர் பெயர் ஏறியிருந்தால் எந்த மாநிலத்திலும் அதே எண்ணை வைத்துத் தொடரலாம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. இதை அவர் மொழியில் யாராவது சொன்னால்தானே? சொல்லாவிட்டால் ஊருக்குப் போனதோடு மாத்திரை நிற்கும், திரும்பி வரும்போது மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக வந்து நிற்கவும் வாய்ப்புண்டு. இதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம், கூட வந்தவரை இரண்டு நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத யாரையாவது போனில் பிடித்துப் பேச வைத்தாலே பாதி வேலை முடியும். போன் ஆப்பில் மொழிபெயர்ப்பதானால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு கேள்வி மட்டும், வட்டார வழக்கு கூடாது. உடம்பு சரியில்லையா என்பதை "மேலுக்கு முடியலையா" என்று நம் வழக்கில் கேட்டால் ஆப் அதை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது.

நடு ஆள் நல்லபடியாக அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலையில் உதாரணம் இருக்கிறது. தாளவாடி, பர்கூர், கடம்பூர் மலைகளில் சோளகர்கள், ஊராளிகள், ஆனைகட்டிப் பக்கம் இருளர்கள், ஆனைமலையில் காடர், மலசர். கீழே இருந்து போகும் டாக்டர் பேசும் தமிழ் அவர்களுக்குப் புரியாமல் இல்லை, ஆனால் அந்தத் தமிழில் அதட்டல் கலந்திருக்கும், "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். அடுத்த தடவை வர மாட்டார்கள், அவ்வளவுதான். தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்குக்கு 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி போனார்கள். அவர்கள் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆஸ்பத்திரி கட்டியதைவிட, அதே ஊர்ப் பெண்களை எடுத்து மருத்துவம் கற்றுக்கொடுத்ததுதான். பிரசவம் பார்ப்பது, மருந்து கொடுப்பது, வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்ப்பது எல்லாம் அவர்கள். கேட்கிறவரும் சொல்கிறவரும் ஒரே ஊர், ஒரே பேச்சு, முறை வைத்து "அத்தை", "அக்கா" என்று கூப்பிடுகிற ஆள். சமவெளியிலும் இது நமக்குப் புதிதில்லை, கிராமத்து நர்சம்மா அந்த வேலையைத்தான் காலங்காலமாகச் செய்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பி.பி., சர்க்கரை மாத்திரை கொடுக்கும் பெண்களும் உள்ளூர்க்காரர்கள்தான். மாத்திரையைக் கொடுத்துவிட்டு நகராமல் அந்த அமாவாசைக் கேள்வியையும் கேட்க அவர்களுக்கு நேரம் இருந்தால் நன்றாக இருக்கும்.

கடைசியாக, வேண்டுமென்றே மறைப்பது. கோவைப் பக்கத்துக் கேன்சர் ஆஸ்பத்திரிகளில் சகஜமாகக் கேட்கிற பேச்சு இது. ரிப்போர்ட்டோடு மகன் முன்னால் ஓடிவருவார், "டாக்டர், அப்பாகிட்டச் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு." அன்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அப்பா தோட்டம் துரவு வைத்திருப்பவர், பாகப்பிரிவினை பாதியில் நிற்கும், யாருக்கோ கொடுத்த கடன் வாய்ப்பேச்சில் இருக்கும், பேத்தி சீரை முன்கூட்டி வைக்க ஆசை இருக்கும். அவருக்குத் தெரியாமல் அவருடைய கடைசி வருடத்தை மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். சட்டமும் அவர் பக்கம்தான். சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம் 2008-இல் சொன்ன தீர்ப்பைப் பாருங்கள். சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டுப் படுத்திருந்த 44 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயமாக முடிவெடுக்கக்கூடியவருக்குப் பதிலாகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை மகனுக்கு எங்கிருந்து வரும்? இதற்காக எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும் என்றில்லை. "ரிசல்ட் வந்திருக்குதுங்க, விவரமெல்லாம் உங்ககிட்டச் சொல்லட்டுமா, இல்ல பையன்கிட்டச் சொன்னாப் போதுங்களா?" என்று அவரையே கேட்டுவிடலாம். "பையன்கிட்டயே சொல்லிருங்க" என்று அவர் சொன்னால் அது அவர் எடுத்த முடிவு.

வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, கோவையில் இது பெருகிக்கொண்டே போகிறது. ஹோம் நர்ஸாக வருகிற பெண் கேரளாவில் இருந்தோ ஒடிசாவில் இருந்தோ வந்திருப்பார். மறதி நோய் முற்றிய பெரியவர்களுக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் மங்கி, சின்ன வயதில் வீட்டில் பேசியது மட்டும் மிஞ்சுவதுண்டு, வாழ்நாள் முழுக்கத் தமிழில் கடை நடத்தியவர் தெலுங்கில் தண்ணீர் கேட்பார். அதனால் ஆள் வந்த முதல் நாளே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுங்கள்: ஒண்ணுக்குப் போக வேண்டும் என்பதை அப்பா எப்படிச் சொல்வார், வலித்தால் எந்தப் பக்கம் கையை வைப்பார், பசித்தால் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், எந்தக் காது நன்றாகக் கேட்கும், மாத்திரையைச் சோற்றுக்குள் வைத்துக் கொடுத்தால் கோபம் வருமா. அந்தப் பெண்ணின் மொழியில் எழுத ஆள் கிடைக்காவிட்டால் குரலாகப் பதிந்து அவர் போனில் போட்டுவிடுங்கள். மாதம் ஒரு தடவை டாக்டரிடம் போகும்போது மகன் மட்டும் போகாமல் அந்தப் பெண்ணையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள், ராத்திரி எத்தனை தடவை எழுந்தார் என்று சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.